நான் கையெழுத்துப் போடாத வரி

எங்கள் பைபிள் மொழிபெயர்ப்பு அலுவலகம் வெளியிட்ட எளிய தமிழ்த் திருமறையின் கடைசிப் பக்கத்தில், உழைத்தவர்கள் என்ற தலைப்பின் கீழ் ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. இருபத்தாறு ஆண்டுகள் அதே அலுவலகத்தில் எபிரேய மூலத்தோடு தமிழை ஒப்பிட்டுச் சரிபார்த்த புஷ்பராணியின் பெயர், அதாவது என் பெயர், அங்கே இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டு, "ஆன்ட்டி, உங்க பேரு விட்டுப்போச்சு லா, அடுத்த பதிப்புல சேத்துடலாம்" என்று போன் செய்தார்கள். விட்டுப்போகவில்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன். எழுத்தில் கேட்டு, பதில் வராததால் இரண்டாவது கடிதமும் போட்டு எடுக்க வைத்தேன்.

அந்தப் பிள்ளைகளே இப்போது ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்கிறார்கள். சண்டை சச்சரவு இல்லாமல் நல்ல விஷயங்களாக எழுத வேண்டுமாம். கூடவே இன்னொரு செய்தியும் சொன்னார்கள். இனிமேல் கேட்போர் சோதனை கிடையாது. நேரம் வீணாகிறது, வரைவைக் கம்ப்யூட்டரே நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுகிறது, பிறகு எதற்கு வெளியாட்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். நல்ல விஷயமாகத்தான் எழுதப் போகிறேன். எனக்கு நடந்த நல்ல விஷயம் ஒரு சண்டை, அதற்கு நான் என்ன செய்ய?

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லாபிஸ் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்தேன். தமிழ்ப்பள்ளியில் மூன்று ஆண்டுகள் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். அந்த மூன்றே ஆண்டுகளில் ஒட்டிக்கொண்ட 'டீச்சர்' பட்டம் இன்றுவரை போகவில்லை. பிறகு சபை என்னை இறையியல் கல்லூரிக்கு அனுப்பியது. அங்கே எபிரேய எழுத்துகளைக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டேன். வாசித்ததை எப்படிப் பார்ப்பது என்று காட்டியவர் சிங்கப்பூரில் இருந்தார்.

மிஸ்டர் நிசிம் ஒரு யூதர். பாக்தாத்திலிருந்து வந்த குடும்பம். கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். நான்கு ஆண்டுகள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லைப் பாலம் தாண்டி அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போய்ப் படித்தேன். வசனத்தை வாசித்து முடித்ததும், "நீ எந்தப் பக்கம்?" என்பார். நான் ஒரு பக்கம் சொன்னால் அவர் மறுபக்கம். அடுத்த வாரம் நான் சமாதானமாக அவர் பக்கத்துக்கு மாறிப்போய் உட்கார்ந்தால், அவர் என் பழைய பக்கத்தை எடுத்துக்கொண்டு என்னைத் திணறடிப்பார். ஒருமுறை பொது விடுமுறை என்று நாள் கிழமை யோசிக்காமல் சனிக்கிழமை போய் நின்றுவிட்டேன். உள்ளே விட்டார், சாப்பாடும் போட்டார். ஆனால் நான் நோட்டைத் திறந்ததும் கையைக் காட்டித் தடுத்தார். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், அன்று அந்த வீட்டில் எழுதக்கூடாது. நான்கு மணி நேரம் வாயாலேயே வாதாடிவிட்டு வந்தேன். அன்று கேட்டது ஒன்றுகூட மறக்கவில்லை.

கடவுளின் பெயரைக் குறிக்கும் நான்கு எழுத்துகள் வந்தால் அவர் அதை உச்சரிக்க மாட்டார். ஒரு கணம் நிறுத்தி, 'ஆண்டவர்' என்று பொருள்படும் வேறு சொல்லைச் சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவு பயபக்தி. அதே மனிதர் அடுத்த வரியில் அந்த ஆண்டவரோடு மல்லுக்கு நிற்பார். எனக்கு முதலில் தலை சுற்றியது. கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கடவுள் மேலே இருந்து பேசுவார், கீழே இருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். நிசிம் காட்டிய கடவுள் பேசிவிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருப்பார். வெளிப்பாடு என்பது மலைமேல் ஒரு நாளில் முடிந்துபோன காரியம் அல்ல, வார்த்தையைக் கொடுத்தவர் அதன்மேல் வாதாடும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தார் என்பது அவருடைய கட்சி. யூதர்களிலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அவரே சொல்லுவார். அவர்களுடைய ஞானிகள் ஒரு விஷயத்தில் பெரும்பான்மைப்படி தீர்ப்புச் சொன்னாலும், தோற்ற கட்சி என்ன சொன்னது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைப்பார்களாம். பின்னால் வருகிற ஒரு சபைக்கு அது தேவைப்படலாம் அல்லவா?

பொன் கன்றுக்குட்டிக் கதையை அவரோடு மூன்று வாரம் படித்தேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோசே மலைமேல் கடவுளோடு இருக்கும்போது, கீழே மக்கள் பொன்னால் கன்றுக்குட்டி செய்து கும்பிடுகிறார்கள். கடவுளுக்குக் கோபம். என்னை விடு, இவர்களை அழித்துவிடுகிறேன், உன்னை வைத்து வேறொரு ஜனத்தை உண்டாக்குகிறேன் என்கிறார். மோசே விடவில்லை. இவர்கள் உம்முடைய மக்கள், நீர்தானே எகிப்திலிருந்து கூட்டி வந்தீர்? கொல்வதற்காகவா கூட்டி வந்தார் என்று எகிப்தியர் பேச மாட்டார்களா? இவர்களுடைய பாட்டன்மாருக்கு நீர் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று? இப்படிக் கேட்கிறார். கடவுள் மனம் மாறுகிறார். அவ்வளவுதான் கதை. நிசிம் கேட்டார்: "யாரும் பிடித்துக்கொள்ளாமல் இருக்கும்போது ஒருவர் 'என்னை விடு' என்று சொல்வாரா?" மோசே கடவுளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்பது அவர்கள் பெரியவர்களின் விளக்கம். 'விடு' என்று சொன்னதே 'விடாதே' என்று காட்டிக்கொடுக்கத்தான் என்பதும் அவர்கள் விளக்கம்.

இனி அலுவலகம். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் முதல் மாடி. கீழே காதர் பாய் சாப்பாட்டுக்கடை. டீ குடிக்கக் கீழே போகும்போது தாள்களை மேசையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது முதல் நாளே சொல்லித்தரப்படும் விதி. மேசையில் மூன்று பேர். தமிழ் நடையைப் பார்க்க ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மூலத்தைப் பார்க்க நான், தலைவராகப் பாஸ்டர் ஜெயசீலன். இடப்பக்கம் எபிரேயம், வலப்பக்கம் தமிழ், நடுவில் எழுதுவதற்கு அகலமான வெற்றிடம். பென்சில் மட்டும்தான். ஒவ்வொரு வசனத்தையும் மூன்று முறை பார்ப்போம்: கண்ணால் ஒருமுறை, வாய்விட்டு ஒருமுறை, கண்ணை மூடிக் காதால் ஒருமுறை. மூவரும் ஒப்புக்கொண்டால் தாளின் ஓரத்தில் மூன்று கையெழுத்து. ஒரு கையெழுத்து குறைந்தாலும் அந்த வசனம் 'நிற்கும் வரிகள்' என்று எழுதிய சிவப்பு ஃபைலுக்குப் போகும், அதுவரை புத்தகம் அச்சுக்குப் போகாது. நான் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஃபைலில் கன்றுக்குட்டிப் பகுதி வரும்வரை எந்த வரியும் ஒரு வாரத்துக்கு மேல் நின்றதில்லை.

பாஸ்டர் ஜெயசீலனைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். காலை எட்டே முக்காலுக்கு வெந்நீர்க் குடுவையோடு வருவார். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசிப்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு யோசனை பிடிக்கவில்லை என்றால் "பாப்போம் சிஸ்டர்" என்பார். அவர் 'பாப்போம்' என்றால் அது முடிந்த கதை என்று புரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆண்டு ஆனது. என் அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் வாரம் தவறாமல் வந்து ஜெபித்துவிட்டுப் போனவர் அவர். எபிரேயமும் என்னைவிட நன்றாகவே தெரியும். அதனால்தான் அவர் மேல் எனக்கு இவ்வளவு கோபம். தெரியாதவர் செய்திருந்தால் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

மேசையில் ஒப்புக்கொண்ட பகுதி அடுத்து கேட்போர் சோதனைக்குப் போகும். அதைத்தான் இப்போது நிறுத்தப் பார்க்கிறார்கள். திருமறையை வாசித்தே இராத மூன்று பேரை, ஒருவர் பின் ஒருவராக, பின் அறையில் உட்கார வைப்போம். மைலோவும் பிஸ்கட்டும் கொடுப்போம். சோதிப்பவர் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கேட்பவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டு முறை வாசித்து, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப கேட்டத உங்க வீட்ல ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்று கேட்போம். சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும். தலையாட்டக் கூடாது, திருத்தக் கூடாது, அவர்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கூடாது. ஒரே ஒரு கேள்வி நாம் கேட்கலாம்.

கன்றுக்குட்டிப் பகுதியை மேசையில் பார்த்தபோது, கடைசி வரியைப் பாஸ்டர் இப்படி எழுதியிருந்தார்: ஆண்டவர் தம் மக்கள்மேல் இரக்கம் கொண்டு அவர்களை அழிக்காமல் விட்டார். மூலத்தில் இரக்கம் என்ற சொல் இல்லை. சொன்னதைச் செய்வதில்லை என்று கடவுள் மனம் மாறினார், அவ்வளவுதான். நான் சொன்னேன். "பாப்போம் சிஸ்டர், மொதல்ல சோதனைக்குப் போகட்டும்" என்றார். மோசே பேசும் இடங்களையும் தலைமையாசிரியர் பக்தியோடு மெருகேற்றியிருந்தார். எல்லாம் 'அடியேன்', 'தேவரீர்', 'திருவுளம் இரங்கி' என்று குழைந்து கிடந்தது. கடவுளிடம் பேசும்போது தமிழன் வேறெப்படிப் பேசுவான் என்று கேட்டார். எனக்கும் அப்போது அது தவறாகப் படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைசி வரியில்தான் என் கண் இருந்தது.

முதலில் வந்தவர் ஒரு பஸ் டிரைவர். "ஜனங்க தப்புப் பண்ணிட்டாங்க. சாமிக்குக் கோவம் வந்துச்சு. அப்பறம் பாவம்னு விட்டுட்டாரு" என்றார். இரண்டாவது ஒரு தையற்காரர், அவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். மூன்றாவதாக வந்தவர், முன்பும் ஒரு சோதனைக்கு வந்திருந்த தனலட்சுமி. மாசாயில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவர், மாரியம்மன் கோயிலுக்கு விரதம் தவறாதவர். அவரும் சொன்னார்: "பெத்தவங்க அடிக்கக் கை ஓங்குவாங்கல்ல டீச்சர், அப்பறம் மனசு வராம விட்டுருவாங்க. அந்த மாதிரி சாமி விட்டுட்டாரு."

மூன்று பேர் சொன்ன கதையிலும் மோசே இல்லை. எனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரு கேள்வியைக் கேட்டேன். "வேற யாராச்சும் கதையில இருந்தாங்களா?"

தனம் யோசித்தார். "இருந்தாரு ஒருத்தரு. கும்பிட்டுக்கிட்டே இருந்தாரு. அவருக்கு வேற என்ன வேல?"

 கடவுளின் சட்டையைப் பிடித்து நிறுத்திய மனிதனை நாங்கள் மூன்று பேர், மூலமொழி படித்தவர்கள், மாதக்கணக்கில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஓரமாகக் கைகூப்பி நிற்கிற ஆளாக்கி வைத்திருந்தோம். மரியாதை கொடுத்துக் கொடுத்தே அவரைக் கதையை விட்டுத் துரத்தியிருந்தோம். வெட்கமாக இருந்தது. உடனே கோபம் வந்தது.

அப்போதுதான் விதியை மீறினேன். நாற்காலியைத் திருப்பித் தனத்துக்கு நேராகப் போட்டேன். தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் நான் எழுதி வைத்திருந்த என் வரைவை வாசித்தேன். மோசேயின் கேள்விகளைக் கேள்விகளாகவே வாசித்தேன். குழைவு இல்லாமல், 'கொல்வதற்காகவா கூட்டி வந்தீர்' என்று கேட்டேன். கடைசி வரியை, 'ஆண்டவர் தாம் செய்வதாகச் சொன்ன தீங்கைப் பற்றி மனம் மாறினார்' என்று முடித்தேன்.

தனம் மைலோவைக் கீழே வைத்தார். "அப்ப, அந்த ஆளு கேட்டதுனாலதான் மாறுச்சா?"

பதில் சொல்லக் கூடாது. சொன்னேன். "ஆமா."

"சாமியே முடிவு பண்ணதுக்கு அப்பறமா?"

"முடிவு பண்ணதுக்கு அப்பறம்தான்."

தனம் சொன்னார்: "நான் மூணு தடவையோட நிறுத்திட்டேன் டீச்சர்."

தனத்துக்குப் பிள்ளை இல்லை. பெற்றவள் எந்தப் பத்திரமும் இல்லாமல் விட்டுப்போன பச்சைக்குழந்தையை எடுத்து வளர்த்தார். கவிதா என்று பெயர் வைத்தார். பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை இல்லை என்று போட்டுவிட்டார்கள். இந்த மண்ணில் பிறந்து, இந்தப் பள்ளியில் படித்து, தேசிய கீதம் நெகாராக்கூ பாடுகிற பிள்ளைக்கு ஐசி, அதாவது அடையாள அட்டை, கிடையாது. தனம் குடியுரிமை கேட்டு மூன்று முறை மனுப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வருடக்கணக்கில் காத்திருந்த பிறகு ஒரே வரியில் பதில் வந்தது.

"முடியாதுன்னு சூராட் வரும். ஏன்னு போட மாட்டாங்க. கோயில்ல பெரியவங்க சொன்னாங்க, அந்தப் புள்ளைக்கு விதிச்சது அவ்ளோதான், விட்ருன்னு. போன தடவ வந்தப்ப கீழ டீ குடிக்கையில ஒங்க பாஸ்டர்கிட்டயும் சொன்னேன். அவரும் பாவம், நல்ல மனசோடதான் சொன்னாரு. கடவுள் ஒண்ண முடிவு பண்ணிட்டா அதுல நமக்குத் தெரியாத நன்ம இருக்கும், ஏத்துக்கிட்டா நிம்மதின்னு. சரின்னு போராங்கைத் தூக்கி அலமாரிக்கு மேல போட்டுட்டேன்." சூராட் என்றால் கடிதம், போராங் என்றால் விண்ணப்பப் படிவம். "கவிதாவுக்குப் பன்னெண்டு வயசு. இருபத்தொண்ணு ஆயிட்டா அந்த வழி மூடிரும்ங்கறாங்க."

அன்று எழுதிய சோதனை அறிக்கையில் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன், நான் விதி மீறியது உட்பட. பாஸ்டர் ஸ்கேலை வைத்து வரி வரியாக வாசித்தார். கடைசியில், மூன்றாவது சோதனை செல்லாது என்று பென்சிலால் எழுதினார். அது சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் இரண்டு? வேறு மூன்று பேரை வைத்து, வேறொருவர் சோதிக்கட்டும் என்றார். சோதித்தார்கள். இரண்டு பேர் மோசேயைச் சொல்லவே இல்லை, ஒருவர் மோசே அழுததாகச் சொன்னார். அதற்குப் பிறகு தலைமையாசிரியர் மனமிரங்கி அடியேன்களைக் குறைத்தார். கடைசி வரியை மட்டும் பாஸ்டர் விடவில்லை.

"கடவுள் மனுஷன் இல்ல, மனசு மாத்திக்கிட மாட்டார்னு இதே திருமறையில எழுதியிருக்கே சிஸ்டர்?"

"எழுதியிருக்கு பாஸ்டர். சவுல் ராஜாவோட கதையில. அதே அதிகாரத்துலதான் அவரை ராஜாவாக்குனதுக்காகக் கடவுள் மனசு மாறினார்னும் எழுதியிருக்கு. ஒருதடவ இல்ல, ரெண்டு தடவ. எழுதி வச்சவங்க ரெண்டையும் அழிக்காம விட்டிருக்காங்க. நாம மட்டும் ஏன் ஒண்ண அழிக்கணும்?"

"நம்ம ஜனங்க கொழம்பிப்போவாங்க."

"தனலட்சுமி கொழம்பல. நம்ம வரியக் கேட்டுத்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க."

"பாப்போம்" என்றார். நான் பென்சிலை மேசையில் வைத்தேன். "பாக்க வேண்டாம் பாஸ்டர். நான் கையெழுத்துப் போடல."

என் கட்சியை அடிக்குறிப்பாகவாவது போடச் சொன்னேன். மேலே உங்கள் வரி இருக்கட்டும், கீழே 'மூலத்தில்: மனம் மாறினார்' என்று ஒரு வரி. தோற்ற கட்சியின் வார்த்தையையும் எழுதிவைக்கிற வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். "அடிக்குறிப்புல சண்ட போடக்கூடாது சிஸ்டர்" என்றார். நான் யூத மார்க்கத்துக்குப் போய்விட்டேன் என்று சபையில் ஒரு பேச்சு கிளம்பியது. நான் ஞானஸ்நானம் பெற்றவள், எங்கேயும் போகவில்லை, எங்கள் ஆண்டவர் படித்த திருமறையே அந்த எபிரேயத் திருமறைதான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். பின்னால் பேசியவர்களைத் தேடிப்போயும் சொன்னேன்.

வரி சிவப்பு ஃபைலில் நின்றது. ஒரு வாரம், ஒரு மாதம், ஐந்து மாதம். ஒருநாள் மத்தியானம் படிக்கட்டில் பாஸ்டர் என்னை நிறுத்தினார். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசியது அன்று ஒருநாள்தான்.

"மாறாதவர்ங்கற ஒரு வார்த்தையப் புடிச்சிக்கிட்டுத்தான் சிஸ்டர் நான் அந்த வாசல்ல ஒக்காந்திருக்கேன். அவரும் மாறுவார்னா, நான் எதப் புடிச்சிக்கிறது?"

 அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிடலாம் போல இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. "அவரோட சட்டையப் புடிங்க பாஸ்டர்" என்றேன். அவர் படியிறங்கிப் போனார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இப்போதும் அதைத்தான் சொல்லுவேன் என்று நினைக்கிறேன்.

ஏழாவது மாதம் விதியை மாற்றினார்கள். மூன்று கையெழுத்துக்குப் பதிலாக இரண்டு போதும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வரி அச்சுக்குப் போனது. மூலம் பார்க்கும் நாற்காலியிலிருந்து என்னை எடுத்து, ஊர்ப்பெயர் அட்டவணை தயாரிக்க உட்கார வைத்தார்கள். பதினான்கு மாதங்கள் பாலைவன ஊர்களை அகரவரிசைப்படுத்தினேன். வேலையை விட்டுவிடலாமே என்று தங்கை கேட்டாள். நான் போய்விட்டால் அடுத்த வரிக்கு யார் சண்டை போடுவது? உட்கார்ந்திருந்தேன். என் பெயரை மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். திரும்ப மேசைக்குக் கூப்பிட்டபோது அதே பென்சிலோடு போனேன், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். பாஸ்டரின் மனைவி காலமானபோது முதல் வரிசையில் நின்று பாடியது நான்தான். இறக்கும் நாள்வரை பாஸ்டர் தம் வரியை மாற்றவில்லை, நானும் என் கட்சியை மாற்றவில்லை.

இப்போதைய பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கம்ப்யூட்டர் வரைவு போடட்டும், எனக்குப் பொறாமை இல்லை. அதற்கு மரியாதை தெரியும், எங்களைப் போலவே நன்றாகக் குழையும். கேட்கிற ஒருவரை எதிரில் உட்கார வைக்காவிட்டால், மோசே எப்போது வெளியே போனார் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. சோதனையை நிறுத்தினால் என் வீட்டு முன்னறையில் நானே நடத்துவேன். மைலோவும் பிஸ்கட்டும் என் பொறுப்பு. வருகிற முடிவுகளை எழுதி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருப்பேன், வேண்டாமென்றாலும் அனுப்புவேன்.

தனம் அன்று வீட்டுக்குப் போய் அலமாரிக்கு மேலிருந்த போராங்கை எடுத்துவிட்டார். நான்காவது மனு போட்டார், முடியாது என்று வந்தது. ஐந்தாவதும் அப்படியே. கவிதாவுக்கு இப்போது இருபது வயது. கூடப் படித்த பிள்ளைகள் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பாஸ்போர்ட் எடுக்க முடியாத இவள் பாலத்தைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆறாவது மனுவோடு வைக்க மலாயில் ஒரு கடிதம் வேண்டும். இருபத்தொன்றுக்கு முன்னால் இதுதான் கடைசி.

கவனமாக எழுதினேன். முழுப்பக்கம். கவிதாவிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன், பழைய வழக்கப்படி. தனம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேன்டீனில் இருபது ஆண்டுகள் பேசிய மலாய், ஒரு சொல் தவறாது. மூன்றாவது வரியில் கையை உயர்த்தினார்.

"நில்லு. பெலாஸ் இஹ்சான்னு வாசிச்சியா?"

"ஆமா மா. டீச்சர் அப்படித்தான் எழுதியிருக்காங்க."

தனம் என்னைப் பார்த்தார். "என்ன டீச்சர் இது? பாவம் பாத்துக் குடுங்கன்னு எழுதியிருக்கீங்க?"

 "மனுன்னா அப்படித்தான் தனம் எழுதுவாங்க. வழக்கம்."

"நான் பாவம் பாக்கச் சொல்லலியே. இவ இங்க பொறந்தவ. ஏன் இல்லேங்கறீங்கன்னு கேக்கறேன். அத எழுதுங்க."

ஏழு மாதம் ஒரு வரிக்காக நின்றவள் நான். பெயரையே எடுக்கச் சொன்னவள். அதே இரக்க வரியை என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன், அதுவும் இவருடைய கடிதத்தில். தாளைக் கிழித்தேன். புதுத்தாளில் கேள்விகளாக எழுதினேன். எங்கே பிறந்தாள், எங்கே படித்தாள், ஐந்து முறை மறுத்ததற்குக் காரணம் என்ன. இரக்கம் என்ற சொல்லே இல்லை. கவிதா மறுபடி வாசித்தாள். வாசிக்க வாசிக்க எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குக் கோவம் வந்துட்டா என்ன பண்றது தனம்? கொஞ்சம் பணிவா ஒரு வார்த்த சேத்துக்கலாமா?"

தனம் கடிதத்தை வாங்கி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சாமிகிட்டயே அந்த ஆளு அப்படிக் கேட்டிருக்காரு டீச்சர். இவங்க என்ன, சாமிக்கும் மேலயா?"